வலிக்காத பக்கம்

கிரைண்டர் சத்தம் இல்லாமல் எனக்கு விடிவது, கல்யாணமாகி வந்த இந்த ஆறு வருஷத்தில் இன்றைக்குத்தான். நாலு மணி இருக்கும். மணி பார்க்கத் தேவையில்லை. நாலு என்றால் உடம்பு தானாக எழுந்துகொள்ளும், கை தானாக உளுந்துப் பாத்திரத்தைத் தேடும், ஆறரைக்குள் மாவுப் பாக்கெட்டுகளைக் கட்டி வாசலில் வைத்தால்தான் எங்கள் தெருவில் இட்லிச் சட்டி அடுப்பேறும். இங்கே தேடிய கைக்குச் சுகந்தியின் முழங்கால்தான் கிடைத்தது. இந்தப் பக்கம் சுகந்தி, அந்தப் பக்கம் ரோஸ்லின், நடுவில் நான், மேலே ஒரு துணி, துணிக்கு மேலே பனி, பனிக்கு மேலே ஊசிக்கல் மலையின் மிச்ச உயரம். மூணு பேர் தாராளமாகப் படுக்கலாம் என்றுதான் ரோஸ்லின் இந்தக் கூடாரத்தைப் பற்றிச் சொன்னாள். எந்த மூணு பேரை அளந்து தைத்தார்களோ, மூணு பேரும் பல் விளக்குகிற வேப்பங்குச்சி கணக்காக இருந்திருப்பார்கள். புரண்டு படுக்கலாம் என்று பார்த்தால் முடியவில்லை. இடம் போதாதது மட்டும் காரணமில்லை. வலது மார்பு கல்லாகக் கனத்துக் கிடக்கிறது. நேற்றுக் காலை ஐந்தரைக்கு, பாதித் தூக்கத்தில், என் மகள் கனிஷ்கா குடித்தது. அதோடு சரி. ஒரு பகல், ஒரு ராத்திரிப் பால் உள்ளே நிற்கிறது. தொட்டால் சுள்ளென்கிறது, அக்குள் வரைக்கும் நரம்பு இழுக்கிறது, மூச்சை முழுசாக இழுத்தால்கூட வலிக்கிறது. வலிக்கட்டும். வலித்தால் நல்லது. வலிக்கிற பக்கத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பால் கட்டினால் வலிக்கும், வலித்தால் அது பால்தான், நாலைந்து நாளில் வற்றிவிடும், ஊரில் யாருக்கு வற்றாமல் இருந்திருக்கிறது. இதையே எத்தனை தடவை சொல்லிக்கொள்வேன். வலிக்கிற பக்கத்தைப் பற்றி இப்போது யார் கேட்டார்கள்.

கூடாரம் முழுக்க மல்லிகைப்பூ வாசம். பால் வற்ற வேண்டுமென்றால் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். சுகந்தி எட்டு முழம் வாங்கி வாழையிலையில் சுற்றி, தன் சோற்றுப் பொட்டலத்தைவிடப் பத்திரமாக மலையேற்றிக் கொண்டுவந்தாள். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் டார்ச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, 'திரும்புடி, நான் வச்சுக் கட்டி விடுறேன்' என்றாள். 'என் மாருக்கு எனக்குப் பூ வைக்கத் தெரியாதா, நீ அங்கிட்டுப் போ' என்று அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நானே வைத்து, பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டேன். இந்தப் பக்கம் நாலு முழம், அந்தப் பக்கம் நாலு முழம். ரோஸ்லின் சும்மா இருப்பாளா. 'மலைக்கு வந்தும் மொதராத்திரி கணக்கா பூ வச்சுக்கிட்டுப் படுக்குறவ நீ ஒருத்திதாண்டி நாகஜோதி' என்றாள். 'மாப்பிள்ளையத்தான் காணோம்' என்றேன். 'வாசத்துக்கு யானை வரும், அதையே கட்டிக்க.' வெளியே தீயைக் கிளறிக்கொண்டிருந்த வெள்ளையம்மா அக்கா, எங்களுக்கு வழிகாட்ட வந்த மலைக்காரர், சிரிக்காமல் சொன்னார், 'யானை இந்த மாசம் இந்தப் பக்கம் வராது தாயி.' 'வந்துட்டா?' 'வந்தா எழுப்புறேன்.' அதற்கு மூணு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் கடைசியாக நிறுத்தினேன். சிரிக்கிறவள் நான் என்பது எல்லோருக்கும் பழகிப்போனது. பத்தாவதில் இரங்கல் கூட்டத்தில் சிரித்து முட்டி போட்டவள் நான். அதனால்தான் ஒருத்திக்கும் சந்தேகம் வருவதில்லை. சிரிக்கிறவளுக்கு என்ன இருந்துவிடப் போகிறது.

நான் இந்த மலைக்கு ஆசைப்பட்டு வரவில்லை. கீழே இருந்து மேலே போய், மேலே நின்று கீழே பார்த்துவிட்டு, மறுபடி கீழேயே வருவதற்கு எதற்காக மேலே போக வேண்டும்? தலையில் ஒரு விறகுக்கட்டு இல்லாமல், இடுப்பில் ஒரு குடம் இல்லாமல், வெறுங்கையோடு நாலு மணி நேரம் நடந்ததை எங்கள் தெருவில் சொன்னால் சிரிப்பார்கள். ரோஸ்லின் டவுன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், அவளுக்கு இது பொழுதுபோக்கு. சுகந்தி தையற்கடை வைத்திருக்கிறாள், உட்கார்ந்தே இருந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது, அவளுக்கு இது மருந்து. எனக்கு இது ஒளிந்துகொள்ள ஓர் இடம். 'பிள்ளை ரெண்டே கால் வயசாச்சு, இன்னும் என்ன மாரு, ஒரு ராத்திரி நீ கண்ணுலயே படாம இருந்தா தன்னால மறந்துரும்' என்று அத்தை, என் மாமியார், தை மாசத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் வேப்பிலையை அரைத்துத் தடவிப் பார்த்தேன். கனிஷ்கா ஒரு தடவை நக்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள், தன் கவுனைத் தூக்கி அழகாகத் துடைத்துவிட்டுக் குடித்தாள். பூச்சி கடித்துவிட்டது என்று சொல்லிப் பார்த்தேன். ஊதிவிட்டுக் குடித்தாள். அப்புறம்தான் ரோஸ்லின் சொன்னாள், மலையில் ஒரு ராத்திரி தங்கப் போகிறோம், நீயும் வா, உனக்கும் ஆச்சு, பிள்ளைக்கும் ஆச்சு. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிஷத்திலிருந்து பயம். அட்டையைப் பற்றி இல்லை, யானையைப் பற்றி இல்லை. பால் மறக்கடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். மறக்கடித்துவிட்டால் போக வேண்டும்.

இடது பக்கம் வலிக்கவில்லை. இந்தா, இப்போதும் விரலை வைத்துப் பார்க்கிறேன், துணிக்கு மேலாக, பூவுக்கு மேலாக. இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இல்லாமல் போயிருக்கும் என்று நினைத்துத்தான் விரல் போகிறது. முதலில் சுண்டைக்காய் அளவு இருந்தது. புரட்டாசியில், குளிக்கும்போது, சோப்பு வழுக்கிய கை அங்கே மட்டும் தடுக்கி நின்றது. மாவில் அரைபடாத உளுந்து நின்றால் என் விரலுக்குத்தான் முதலில் தெரியும், அந்த விரலுக்கு இது தெரியாதா. சுண்டைக்காய் என்றேன், பால் கட்டி என்றேன். அப்புறம் கொட்டைப்பாக்கு. இப்போது பெருநெல்லி. நெல்லிக்காய் என்றாலும் உருட்டினால் உருளவில்லை, அடியில் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது. பிள்ளை உறிஞ்சினால் கரையும் என்று அஞ்சு மாசம் எப்போதும் முதலில் இடது பக்கம்தான் கொடுத்தேன். அந்தப் பச்சைப் பிள்ளையின் வாயை வைத்து வைத்தியம் பார்த்தேன். மாசி பாதியில் ஒருநாள் வாய் வைத்தாள், எடுத்தாள், என் முகத்தைப் பார்த்தாள். 'ம்மா, இது வேணாம்.' கெட்டுப்போன பால் பாக்கெட்டைக் கடையில் திருப்பிக் கொடுப்பது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். மறுபடி வைத்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள். ஏமாற்றிப் பார்த்தேன், இருட்டில் படுத்து அந்தப் பக்கமாகப் புரண்டு கொடுத்தேன். தூக்கத்திலும் தெரிகிறது அவளுக்கு. மூக்கால் உரசிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறாள். அத்தை கைகொட்டிச் சிரித்தார், 'ஆத்தி, சோத்துக்கைப் பக்கம்தான் வேணுமாம் மகாராணிக்கு.' நானும் சிரித்தேன். தெருவில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன், என் மகள் வலதுக்கட்சி என்று. ஒன்றரை மாசம் ஆகிறது, அந்தப் பக்கம் வற்றியேவிட்டது. அவளுக்கு என்ன தெரிந்தது? என்ன ருசி தெரிந்தது? டாக்டருக்கு முன்னால், மிஷினுக்கு முன்னால், நாக்கால் பார்த்துத் தீர்ப்பு சொல்லிவிட்டாளா? இல்லை. பிள்ளைகள் அப்படித்தான். கத்தரிக்காய் வேண்டாம் என்று தள்ளுவதில்லையா. இல்லை. பால் குறைந்தால் பிள்ளை அந்தப் பக்கத்தை விட்டுவிடும், அதற்காக எல்லாப் பிள்ளையும்... இல்லை இல்லை.

யாருக்குமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. எங்கள் ஊர் நர்ஸக்காவுக்குத் தெரியும். கனிஷ்காவுக்குத் தடுப்பூசி போடக் கொண்டுபோன அன்றைக்கு, போகிற போக்கில் கேட்பது போல, 'அக்கா, இங்க பால் கட்டியிருக்கு போல' என்றேன். தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்த்தார். பேசிக்கொண்டே தொட்டவர் பேச்சை நிறுத்தினார். 'பாலா இருந்தா நல்லது. பெரியாஸ்பத்திரில ஸ்கேன் எடுக்கணும். நாளைக்கே போ. பால் குடுக்குறதெல்லாம் தடையில்ல, போ' என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை வெந்தய டப்பாவில் போட்டேன். நாளைக்கே என்றார். தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்றேன். தீபாவளி முடிந்தது, பாப்பாவுக்குச் சளி. சளி போனது, பொங்கல். பொங்கல் போனது, குலசாமி கோயிலில் அவளுக்குக் காது குத்து. வெந்தயம் எடுக்கும்போதெல்லாம் சீட்டு விரலில் இடறும். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தேன், வெந்தயத்தை வேறு டப்பாவுக்கு மாற்றிவிட்டேன். நர்ஸக்கா ரெண்டு தடவை வீட்டுக்கே வந்தார். 'போயிட்டு வந்துட்டேங்க்கா, வெறும் பால் கட்டிதானாம்' என்று அத்தனை தெளிவாகப் பொய் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும் எனக்கே அது நிஜம் போல இருந்தது. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன். பொய்யில் அப்படி ஒரு தூக்கம்.

பெரியம்மா ஞாபகம் வரக்கூடாது என்று நினைக்கிறேன், வந்துவிட்டது. காலுக்கடியில் பாறை, துணிக்கு அடியில் ஒரு கல் இடுப்பில் குத்துகிறது, அதையே நினைத்துக்கொண்டிருக்கலாம், அந்தக் கல்லைப் பற்றி மட்டும். ஆனால் பெரியம்மா வந்து தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டது. எனக்குப் பத்து வயசு. பெரியம்மா தலையில் துண்டு கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து எனக்குச் சடை பின்னியது. தனக்கு முடி இல்லாதவள் எனக்குப் பின்னுகிறாள் என்பது அப்போது உறைக்கவில்லை. 'வலிக்குதா பெரீம்மா?' என்று கேட்டேன். 'இல்லத்தா. அதான் மோசம் பண்ணிருச்சு. வலிச்சிருந்தா மொதல்லயே போயிருப்பேன்' என்றது. எட்டு மாசத்தில் போய்ச் சேர்ந்தது. சாவு வீட்டில் பெண்கள் எல்லோரும் ஒரே பேச்சு, 'கத்தி பட்டுருச்சு, கத்தி பட்டதும் பரவிருச்சு, வைக்காம விட்டிருந்தா இன்னும் பத்து வருசம் இருந்திருப்பா.' அந்தப் பேச்சு எனக்குள் எங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. நான் ஒன்றும் மடச்சி இல்லை. பன்னிரண்டாவது வரை படித்தவள். டிவியில் டாக்டர் சொல்வதைக் கேட்கிறேன். கத்தி பட்டுப் பரவாது, பரவிய பிறகு போனதால்தான் பெரியம்மா பிழைக்கவில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. புத்திக்குத் தெரிந்தது காலுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி பஸ் வந்து நிற்கும், கால் ஏறாது. நேற்று இந்த மலைக்கு ஏறிய கால், நாலு மணி நேரம் ஏறிய கால், மூணு படி உள்ள பஸ்ஸில் ஏறாது. தொடாமல் வைத்திருந்தால் அது பாட்டுக்கு இருக்கும், எழுப்பினால்தான் எழும் என்று ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்து சொல்கிறது. நானும் சத்தம் போடாமல் ஏழு மாசமாக நடக்கிறேன், தொட்டிலில் பிள்ளை தூங்கும் வீட்டில் நடப்பது போல. தூங்குகிறதா அது? ஏழு மாசத்தில் சுண்டைக்காய் நெல்லிக்காயாக ஆவதன் பேர் தூக்கமா?

வெளியே சரக்கென்று ஏதோ சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். வெள்ளையம்மா அக்கா இருமுகிறார், விறகு வைக்கிறார், அவ்வளவுதான். பிள்ளை இந்நேரம் புரண்டிருப்பாள். நாலரைக்கு ஒரு தடவை புரண்டு என் ஜாக்கெட்டைத் தேடுவாள். என் வீட்டுக்காரர் மேல் கை போட்டிருப்பாள், அவர் நெஞ்சில் முடி, பயந்து அழுதிருப்பாள். அழுதிருப்பாள். அழ வேண்டும். கடவுளே, அழட்டும். வீறிட்டு அழுது, காய்ச்சல் வந்து, பாவம் பிள்ளைக்கு ஏக்கம் பிடித்துவிட்டது, இன்னும் ஆறு மாசம் கொடுத்துட்டுப் போ என்று அத்தையே சொல்லட்டும். கொடுத்தால் மறக்கடிக்கவில்லை. மறக்கடிக்கவில்லை என்றால் போக வேண்டாம். பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று மலையில் படுத்துக்கொண்டு வேண்டுகிறவள் நான். இதை நினைத்ததும் வலது பக்கம் சுரீரென்று இறங்கிவிட்டது. பிள்ளையின் அழுகையை நினைத்தாலே இறங்கும் அந்தப் பால். பூ நனைகிறது, துணி நனைகிறது, நைட்டி நனைந்து வயிற்றில் சூடாக ஓடி உடனே ஜில்லென்று ஆகிறது. வலது பக்கம் தன் வேலையைச் செய்கிறது. அது பாவம், அதற்கு என்ன தெரியும், எட்டும் தூரத்தில் பிள்ளை இருப்பதாக நினைத்துக்கொண்டு. இடது பக்கம் ஒன்றும் செய்யவில்லை. நான் போய்விட்டால் இவளுக்கு யார் சடை பின்னுவார்கள், அவருக்கு ரெட்டைச் சடை வராது, குதிரைவால்கூடக் கோணலாகத்தான் போடுவார். ரெண்டே கால் வயசு. இந்த வயசில் நடந்தது எனக்கு ஒன்றாவது ஞாபகம் இருக்கிறதா? ஒன்றுகூட இல்லை. மாவு, கிரைண்டர், என் சிரிப்பு, இந்த மல்லிகைப்பூ, எதுவும் அவளிடம் நிற்காது. போட்டோவைக் காட்டி இதுதான் உங்கம்மா என்பார்கள். நிறுத்து. விடியட்டும். விடிந்தால் உச்சிக்கு ஏறிவிட்டு இறங்கிவிடலாம், நாளைக்குத் திங்கட்கிழமை மாவு ஆர்டர் கூடுதல், திங்கட்கிழமை போக முடியாது, செவ்வாய் ஆகாது, புதன்...

'ஏய், ஈரமா இருக்கு. மழையா?' சுகந்தி எழுந்துவிட்டாள். கையை நீட்டி என் வயிற்றைத் தொட்டாள், முகர்ந்தாள். 'அடிப்பாவி, பாலு. காய்ச்சல் வேற அடிக்குது. எந்திரி, எந்திரி. கொஞ்சம் பீச்சி விட்டாத்தான் அடங்கும், முழுசா இல்ல, வலி நிக்கிற அளவுக்கு.' 'வேணாம்டி, விடியட்டும்.' 'வெளிச்சம் வந்துருச்சு பாரு.' துணிக்கு வெளியே சாம்பல் நிறம். இழுத்துக்கொண்டு போய்ப் பாறைக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அதட்டியே காரியம் சாதிக்கிற சட்டம்பி அவள். ஊரில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அளவெடுத்துப் பழகிய கை, யாருடைய கூச்சத்தையும் மதிக்காது. நான் தடுப்பதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டாள். வலது பக்கப் பூ பாலில் ஊறி, சூட்டில் வெந்து, கீரை மாதிரிக் கறுத்து மார்போடு ஒட்டிக் கிடந்தது. உரித்து எடுத்தாள். இடது பக்கத்துப் பூ ஒட்டவே இல்லை. துணியை எடுத்ததும் தானாக மடியில் விழுந்தது, லேசாக வாடி, வெள்ளை போகாமல், சாயங்காலம் தலையில் வைத்த பூ விடிகாலையில் இருப்பது போல. சுகந்தி ரெண்டு கையிலும் ரெண்டையும் வைத்துக்கொண்டு பார்த்தாள். 'இந்தப் பக்கம் பால் இல்லையா?' 'இல்ல.' 'ஏன்?' 'அவ குடிக்க மாட்டேங்குறா. வலதுக்கட்சின்னு சொல்லுவேன்ல.' சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. 'எத்தன நாளா?' 'ஒன்னரை மாசம்.' 'மார்கழில ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கையிலயே அந்தப் பக்கம் ஒரு மாதிரி உள்ள இழுத்திருந்துச்சு. பால் குடுக்கறவதானே, ஒரு பக்கம் ஏறி இறங்கும்னு டாட்டு மடிப்ப மாத்திப் பிடிச்சு மறைச்சுத் தச்சுக் குடுத்தேன். நல்லா ஒக்காந்திருக்குன்னு நீயும் சொன்ன.' 'நல்லாத்தான் ஒக்காந்துச்சு.' 'ஜோதி.' 'என்ன?' 'என்னன்னு நீயே சொல்லு.' சொல்லத்தான் வாயைத் திறந்தேன், வந்தது சிரிப்பு மாதிரி ஒரு சத்தம். அவள் கையைப் பிடித்து அங்கே வைத்தேன். அளவெடுக்கிற விரல்கள். தேடவே இல்லை, நேராகப் போய் நின்றன. அப்புறம் தானாகவே அக்குளுக்கு நகர்ந்தன. அங்கேயும் நின்றன. அங்கே இருப்பது எனக்கே தெரியாது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன், ஏழு மாசத்துக்கும் சேர்த்துத் திட்டுவாள் என்று. திட்டவில்லை. வலது பக்கத்தைப் பீச்சினாள், பாறையில் பால் விழுந்து பாசியில் ஓடியது, வலி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, எனக்கு உடம்பு முழுக்க நடுங்கியது. 'குளிருதா?' 'இல்ல.' 'பயமா?' 'ஆமா.' ஏழு மாசத்தில் இந்த வார்த்தையை முதல் தடவையாகச் சொல்கிறேன், எவ்வளவு சின்ன வார்த்தை. அதன் பின்னாலேயே நர்ஸக்காவும் சீட்டும் வாயிலிருந்து வந்துவிட்டன. ரோஸ்லின் பல் விளக்கிக்கொண்டே வந்தாள். 'பால்காரிகளா, கெளம்புங்கடி, உச்சிக்கு முக்கால் மணி நேரம், சூரியன் வர்றதுக்குள்ள' என்றவள் எங்கள் முகத்தைப் பார்த்து வாயிலிருந்து பிரஷ்ஷை எடுத்தாள். சுகந்தி நாலு வார்த்தையில் சொன்னாள். ரோஸ்லின் கீழே உட்கார்ந்து என் நைட்டி பொத்தான்களைப் பிள்ளைக்குப் போடுவது போல ஒவ்வொன்றாகப் போட்டாள், வாய் ஓரத்தில் நுரையோடு. பிறகு, 'எறங்கலாம். சீட்டு எங்க இருக்கு?' என்றாள். 'பழைய வெந்தய டப்பாவுல.' 'வெளங்குச்சு போ. வீட்டுல சொன்னியா?' 'இல்ல.' 'இப்ப சொல்லு.' 'வீட்டுக்குப் போயிச் சொல்றேன்.' 'வீட்டுக்குப் போனா நீ மாவாட்டுவ' என்றாள் சுகந்தி. வீட்டுக்குப் போனால் நான் மாவுதான் ஆட்டுவேன்.

இருபதடி தள்ளி ஒரு மேட்டில் டவர் கிடைக்கும் என்று வெள்ளையம்மா அக்கா காட்டினார். ஏறினேன். ரெண்டு கோடு. கீழே எங்கள் ஊர்ப் பக்கம் பனி மூடிக் கிடந்தது, எது எங்கள் தெரு என்று தெரியவில்லை. மணி அடிக்கும்போதே காதைத் தீட்டிக்கொண்டேன், அழுகைச் சத்தம் கேட்கிறதா என்று. இப்போதும், இத்தனைக்குப் பிறகும், அழுகை கேட்டால் போதும், ஓடிப்போய் அள்ளிக்கொண்டு... அவர் எடுத்தார். பின்னால் டிவியில் பொம்மைப் படம் ஓடுகிற சத்தம். 'ஜோதி! எந்திரிச்சுட்டியா? அங்க குளிரா?' 'பாப்பா?' 'இந்தா, ரஸ்க்கு தின்னுக்கிட்டு டிவி பாக்குறா. அஞ்சு மணிக்கே எந்திரிச்சுட்டா.' 'ராத்திரி அழுதாளா?' 'எங்க அழுதா! ஒருக்கா முழிச்சா. தண்ணி கேட்டா, குடுத்தேன். அம்மா எங்கன்னா. மலைக்குப் போயிருக்குன்னேன். சரின்னு திரும்பிப் படுத்துட்டா. ஒரு தடவகூடக் கேக்கல. நீ வேற என்னமோ பயந்த. உன்னைய மறந்தே போயிட்டா, போ.' சிரித்தார். நல்ல மனுஷன், என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொல்கிறார். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. தண்ணீர் குடித்தாள். சரி என்றாள். திரும்பிப் படுத்தாள். ராத்திரி முழுக்க நான் அவளுக்காக அழுகை செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், அவள் வாங்கிக்கொள்ளவில்லை. 'என்ன சத்தத்தக் காணோம்? அழுவுறியா? இதுக்குப் போயி அழுவாங்களா, மறந்தா நல்லதுதானே.' 'நல்லதுதான்.' 'அப்புறம் என்ன?' திரும்பிப் பார்த்தேன். சுகந்தியும் ரோஸ்லினும் கூடாரத்தை மடிக்காமல் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'ஏங்க.' 'சொல்லு.' 'டிவிய அமத்துங்க.' 'எதுக்கு? அவ கத்துவா.' 'கத்தட்டும். அமத்திட்டுக் கொல்லப் பக்கமா வாங்க. ஒன்னு சொல்லணும்.' பொம்மைப் படம் நின்றது. கனிஷ்கா, 'ப்பா, டிவி' என்று சிணுங்கியது எனக்குக் கேட்டது. கதவு திறக்கிற சத்தம். அவருடைய செருப்புச் சத்தம். பிறகு அவர் மூச்சு மட்டும். 'என்ன ஜோதி?' என்றார், குரல் மாறிவிட்டது. 'இடது பக்கத்துல' என்று ஆரம்பித்தேன்.